விளக்கும் கணக்கும்

அன்பை அளக்க முடியுமா? கருணைக்குக் கணக்கு உண்டா? காய்ச்சலால் கொதிக்கும் நெற்றியின்மீது வைக்கப்படும் கைக்கு எடைக்கல் ஏது, அளவுகோல் ஏது?

கேள்வி அழகானது. கேட்ட மாத்திரத்திலேயே, "முடியாது, முடியாது" என்று நெஞ்சம் விடை கூறிவிடுகிறது. மருத்துவமனைகளிலே செவிலியர் ஆற்றும் பணியின் தரத்தை அளந்திட வேண்டும், ஒரு மருத்துவமனையை மற்றொன்றுடன் ஒப்பிட்டுப் பார்த்திட வேண்டும், பார்த்ததைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும் என்று எவரேனும் கூறிட்டால், உடனே கிளம்புகிறது மறுப்பு. "துணியா அது, முழம் போட? நெல்லா அது, மரக்காலிலே அளக்க? செவிலி என்பவள் தேவதை! அவளுடைய தொண்டு தெய்வீகமானது! அதனை எண்ணிக்கையிலே அடைப்பது, அதனை இழிவு செய்வதாகும்!" என்று முழங்குகின்றனர்.

காதுக்கு இனிய வாதந்தான். ஆனால், காதுக்கு இனியதெல்லாம் கருத்துக்கு ஏற்றதாகிவிடாது. எந்த வாதத்தைக் கேட்டாலும், அதனால் ஆதாயம் பெறுபவர் யார் என்று கேட்டுப் பார்ப்பது பகுத்தறிவாளர் பழக்கம். இங்கும் கேட்போம். அளக்க முடியாதது என்று ஒன்றைப்பற்றிக் கூறிவிட்டால், அதன் பிறகு அது குறைந்துவிட்டது என்று எவரும் வழக்காட முடியாது. படுத்த படுக்கையாய்க் கிடந்து, முதுகு புண்ணாகி, புண் அழுகி இறந்தவனுடைய மகன், "என் தந்தையை ஒருவரும் திருப்பிப் படுக்க வைக்கவில்லையே" என்று கேட்டால், "எங்கள் செவிலியர் அன்பே உருவானவர்கள்" என்று கூறி அனுப்பிவிடலாம். நோயாளிகள் நிறைந்த கூடத்தை இரவு முழுவதும் தன்னந்தனியாய்க் காத்து நின்று, கால் கடுத்து, கண் சிவந்த செவிலி, "இன்னும் ஒருவரைத் துணைக்குத் தாருங்கள்" என்று கேட்டால், "தேவதைக்குக் களைப்பு ஏது" என்று புகழ்ந்து அனுப்பிவிடலாம். நோயாளிக்கு ஆதாயமில்லை. செவிலிக்கும் ஆதாயமில்லை. ஆதாயம் அனைத்தும், செலவைச் சுருக்கிக் கணக்கைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் நிருவாகத்துக்கே! தேவதைப் பட்டம் என்பது, ஊதியத்துக்கும் ஓய்வுக்கும் ஈடாக வழங்கப்படும் செல்லாக் காசு.

ஆகவே, அளக்கலாமா என்ற கேள்விக்கு முன்னே நிற்கிறது வேறொரு கேள்வி. நோயாளி பெறுவது தருமமா, உரிமையா?

சத்திரத்திலே உண்பவன், இலையிலே விழுந்த சோறு இவ்வளவுதானா என்று கேட்க முடியாது. கேட்டால், "தருமச் சோற்றிலே கல் பொறுக்குகிறான்" என்பார்கள். ஆனால் களத்துமேட்டிலே கூலி நெல் வாங்க நிற்கும் உழைப்பாளி, மரக்காலைக் கண்கொட்டாமல் பார்க்கிறான். தலைதட்டி அளக்கிறார்களா, கும்பம் வைத்து அளக்கிறார்களா, மரக்காலின் அடியிலே பொய்ப்பலகை வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறான். ஏன்? அது அவனுக்குச் சேரவேண்டியது. தருமத்துக்கு அளவு தேவையில்லை. கொடுப்பவன் மனம்தான் அளவு. உரிமைக்கோ அளவு இல்லாமல் வாழ்வில்லை. மருத்துவமனையிலே கிடப்பவனுக்குக் கிடைக்கும் பராமரிப்பு அவனுடைய உரிமை என்று நாம் கருதுவது உண்மையானால், மரக்காலை வெளியே கொண்டுவரத்தான் வேண்டும்.

வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே, மருத்துவம் நான்கு கூறுடையது என்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன். நான்கிலே ஒரு கூறு என்று செவிலியத்துக்கு இடம் தந்துவிட்டார் அவர். நாமோ மருத்துவரின் பட்டத்தைப் பார்க்கிறோம். மருந்தின் விலையைப் பார்க்கிறோம். நோயாளியின் நாடியைப் பார்க்கிறோம். நான்காவது கூறு நலமாக இருக்கிறதா, நலிந்து கிடக்கிறதா என்று பார்க்கும் கருவியைத் தேடினோமா?

தேடியவர் ஒருவர் உண்டு. அவரை உலகம் அறியும். ஆனால் அவர் தேடியதை உலகம் மறந்துவிட்டது.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நினைவுக்கு வருவது என்ன? விளக்கு! இரவு நேரம், வரிசை வரிசையாய்க் காயமுற்ற போர்வீரர்கள், கையிலே விளக்குடன் மெல்ல நடந்துவரும் மங்கை. பாடநூலிலே அந்தப் படம், பள்ளி நாடகத்திலே அந்தக் காட்சி. படம் பொய்யல்ல. ஆனால் பாதிதான். மறுபாதியிலே அவர் கையில் இருந்தது கணக்கேடு.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரிலே, 38 செவிலியருடன் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார் அவர். அவரும் அவருடன் வந்தவர்களும் உழைத்த உழைப்பு சிறிதல்ல. சமையலைச் சீர்செய்தனர், துணி வெளுக்க வழிசெய்தனர், புண்ணைக் கட்டினர், இரவெல்லாம் விழித்தனர். அன்புக்குக் குறைவில்லை, அயராமைக்குக் குறைவில்லை. ஆனால், அந்த முதற் குளிர்காலத்திலே அங்கு சாவு குறைந்ததா? இல்லை. ஏறிற்று! 1855 பிப்ரவரியில், அங்கு சிகிச்சை பெற்றோரில் 100க்கு 42 பேர் மாண்டனர். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, விளக்கொளியிலேயே மாண்டனர்.

மார்ச்சு மாதம், அரசு அனுப்பிய துப்புரவுக் குழு வந்தது. கட்டடத்தின் அடியிலே அடைபட்டுக் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் திறந்து அலசினர். நீர்வழியிலே செத்துக் கிடந்த விலங்கை அகற்றினர். காற்றுக்கு வழி திறந்தனர். சூன் மாதம், 100க்கு 2 பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது சாவு.

போர் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல், புகழிலே மயங்கிப் பூமாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞருடன் அமர்ந்து, மாதவாரியாக, காரணவாரியாக, மாண்டவர்களை எண்ணினார். எண்கள் உண்மையைக் கூறின. பகைவன் குண்டுக்குப் பலியானவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்க்குப் பலியானவர்களே மிகப் பலர்! 1858இல் அதனை வண்ண வட்டப்படமாக வரைந்து ஆட்சியாளர் முகத்துக்கு நேரே நீட்டினார். அதே ஆண்டு, இங்கிலாந்தின் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது; அந்தக் கழகத்திலே இடம்பெற்ற முதல் பெண் அவரே.

இதிலே நமக்கு உள்ள பாடம் என்ன? அன்பு தேவையில்லை என்பதா? அல்ல, அல்ல! அன்பு இருந்தது, கண் இல்லை. எத்தனை பேர், எந்தக் கூடத்தில், எதனால் மாள்கின்றனர் என்று எண்ணிப் பார்க்கும்வரையில், காலுக்கடியிலே ஓடிய சாக்கடை எவருக்கும் கொலையாளியாகத் தெரியவில்லை. கணக்கு இல்லாத கருணை குருட்டுக் கருணை. அது அழும், ஆறுதல் கூறும், கண் மூடிய பின் முகத்தைத் துணியால் மூடும். ஆனால் அடுத்தவனைக் காப்பாற்ற அறியாது.

"சரி, அளப்போம்! இன்றே ஒரு பட்டியல் போடுவோம், முதல் மருத்துவமனை இது, கடைசி மருத்துவமனை அது என்று தண்டோரா போடுவோம்" என்று துடிக்கும் தோழர்கள் சற்றுப் பொறுத்திட வேண்டும். மரக்காலை வெளியே கொண்டுவந்தால் மட்டும் போதாது. வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருந்த மிராசுகளை நம் நாடு அறியும். அளவே பொய்யாகிவிட்டால்?

அந்தத் தொல்லையும் நைட்டிங்கேலைப் பிடித்துத்தான் இருந்தது. மருத்துவமனைகள் அனைத்தும் ஒரே மாதிரியான படிவத்திலே கணக்கு எழுதவேண்டும் என்று, 1860இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டிலே திட்டம் வைத்தவர் அவர். 1863இல், மருத்துவமனைகளைப்பற்றிய தமது நூலின் மூன்றாம் பதிப்பிலே, ஃபார் கணக்கிட்ட பட்டியலொன்றை வெளியிட்டார். அதன்படி, இலண்டனிலே இருந்த 24 மருத்துவமனைகளில் சாவு வீதம் 100க்கு 91! மாவட்ட நகரங்களின் மருத்துவமனைகளிலோ 100க்கு 39தான். படித்தவர் திகைத்தனர். இலண்டன் மருத்துவமனைக்குள் நுழைந்தால் பத்திலே ஒன்பது பேர் பிணமாகத்தான் திரும்புவரா?

அப்படியன்று. ஓராண்டு முழுவதும் மாண்டவர் தொகையை, ஒரே ஒரு நாளிலே படுக்கையில் இருந்தவர் தொகையால் வகுத்து வந்த எண் அது. ஓராண்டில் 3,828 பேர் மாண்டனர். குறித்த ஒரு நாளில் இருந்த நோயாளிகள் 4,214 பேர். ஆனால், அந்தப் படுக்கைகளிலே ஓராண்டில் வந்து போனவர்கள் பன்மடங்கு அல்லவா?

எளிய கணக்காகப் பார்ப்போம். இரண்டு மருத்துவமனைகள்; இரண்டிலும் நூறு படுக்கைகள். ஒன்றிலே நோயாளியை விரைந்து குணப்படுத்தி அனுப்புகின்றனர். ஆண்டுக்கு 1,000 பேர் வந்து போகின்றனர். மற்றொன்றிலே மாதக்கணக்கில் கிடத்தி வைக்கின்றனர்; ஆண்டுக்கு 200 பேர்தான். இரண்டிலும் பத்துக்கு ஒருவர் மாள்கின்றனர். உண்மையிலே இரண்டும் சமம். ஆனால் படுக்கையால் வகுத்துப் பார்த்தால், முதலாவதிலே 100க்கு 100 சாவு. இரண்டாவதிலே 100க்கு 20! சுறுசுறுப்பானவன் கொலைகாரன் ஆகிறான்; சோம்பேறி உத்தமன் ஆகிறான். போதாக்குறைக்கு, பெருநகர மருத்துவமனையின் வாயிலுக்கு வருவது கடும் நோயும் கொடுங் காயமும். சிற்றூர் மருத்துவமனையோ கடினமானவற்றைப் பெருநகருக்கு அனுப்பிவைத்துவிட்டுக் கை கழுவிக்கொள்ளலாம். அந்நாளைய மருத்துவ இதழ்கள் இவற்றையெல்லாம் சுட்டிக்காட்டிச் சாடின. சாடியதிலே நியாயம் இருந்தது.

அதனால் ஒப்பீடே கூடாது என்று முடிவு கட்டுவதா? பொய் மரக்காலைக் கண்டுபிடித்தவன், மரக்காலையே வெறுப்பதில்லை. நேர்மையான மரக்காலைக் கேட்கிறான். அப்படி ஒன்று, அதற்கு முன்பே வியன்னா நகரத்திலே இருந்தது. அங்கிருந்த பொது மருத்துவமனையிலே மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு. ஒன்றிலே மருத்துவரும் மாணவரும்; மற்றொன்றிலே பேறுகாலத் தாதியர். ஒரு நாள் வரும் பெண்கள் ஒன்றுக்கு, மறுநாள் வருவோர் மற்றொன்றுக்கு என்று முறைவைத்துச் சேர்த்தனர். ஆகவே இருபுறமும் ஒரே விதமான ஏழைப் பெண்கள். 1846இல், மருத்துவர் பகுதியிலே 100க்கு 11 தாய்மார் மாண்டனர். தாதியர் பகுதியிலே 100க்கு 3 பேர்கூட இல்லை. படித்த பட்டதாரிகளின் பகுதியிலே சாவு அதிகம். பட்டமில்லாத தாதியர் பகுதியிலே குறைவு! அந்த வேற்றுமையைப் பார்த்துத் தூக்கம் இழந்த இளம் மருத்துவர் செமல்வைஸ், பிணவறையிலே பிணம் அறுத்த கையுடன் மாணவர்கள் பேறு பார்க்க வருவதே காரணம் என்று கண்டார். 1847 மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 100க்கு 18 என்றிருந்த சாவு, சூனில் 100க்கு 2 ஆயிற்று. மேதாவிகள் அவரைக் கொண்டாடினரா? ஏளனம் செய்தனர், பதவியை நீட்டிக்க மறுத்தனர். 1865இல் மனநோய் விடுதியிலே மாண்டார். நேர்மையான ஒப்பீடு, உயர்ந்த இடத்தில் இருப்போருக்கு உவப்பாக இருப்பதில்லை.

இன்று, செவிலியத்தை அளக்கும் கருவிகள் எவ்வளவோ கூர்மை பெற்றுள்ளன. படுக்கைப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். நகர முடியாதவனை ஒரே நிலையிலே கிடத்தினால், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே சதை நசுங்கி, இரத்தம் ஓடாமல் புண்ணாகிறது. இங்கிலாந்திலே டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியும் அவருடன் பணியாற்றியோரும் முதியோரிடையே ஆராய்ந்து, 1962இல் முடிவுகளை வெளியிட்டனர். பூசிய களிம்புகளாலும் தைலங்களாலும் அல்ல, இடைவெளி தவறாமல் திருப்பிப் படுக்க வைப்பதாலேயே புண் தடுக்கப்படுகிறது என்று காட்டினர். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, கழிவுக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் மதிப்பெண் தந்து கூட்டினால், 20க்கு 14 அல்லது அதற்குக் கீழே இருப்பவன் ஆபத்திலே இருக்கிறான் என்று வகுத்தனர். பாருங்கள், எண் இங்கு அன்பை விரட்டவில்லை. எந்தப் படுக்கைக்கு முதலில் ஓடவேண்டும் என்று அன்புக்கு வழிகாட்டுகிறது!

பெய்ரூட்டிலே பிறந்து அமெரிக்காவிலே பணியாற்றிய அவெடிஸ் டோனபீடியன், 1966இல், மருத்துவத் தரத்தை மூன்று புறத்திலிருந்து பார்க்கவேண்டும் என்று எழுதினார். இருப்பது என்ன, செய்வது என்ன, விளைவது என்ன? செவிலியர் எத்தனை பேர் என்பது முதலாவது; வேளை தவறாமல் திருப்பினரா, ஊட்டினரா, மருந்து தந்தனரா என்பது இரண்டாவது; புண் வந்ததா, விழுந்து எலும்பு முறிந்ததா, உயிர் பிழைத்ததா என்பது மூன்றாவது. விளைவை மட்டும் பார்த்துச் செவிலியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர், முதல் கேள்வியை மறந்துவிடுகின்றனர். மறக்கவே விரும்புகின்றனர் என்பதும் உண்டு!

அந்த முதல் கேள்விக்கு உள்ள வலிமையை, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் 2002இல் காட்டினர். 168 மருத்துவமனைகள், அறுவை மருத்துவம் செய்துகொண்ட 2,32,342 நோயாளிகள். ஒரு செவிலியின் பொறுப்பிலே உள்ள நோயாளிகளோடு மேலும் ஒருவர் கூடும்போது, முப்பது நாளுக்குள் நோயாளி மாளும் வாய்ப்பு, இருந்த அளவிலே 100க்கு 7 பங்கு கூடுகிறது என்று கண்டனர். 2014இல், ஐரோப்பாவின் 9 நாடுகளிலே 300 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோதும் அதே 7! இரண்டு சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பது பகுத்தறிவின் பாலபாடம். ஆகவேதான் நோயின் கடுமை, வயது, மருத்துவமனையின் பருமன் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டே ஆய்வாளர்கள் பார்த்தனர். கலிபோர்னியா மாநிலம், 1999இல் சட்டம் இயற்றி, 2004 முதல், ஒரு செவிலிக்கு இத்தனை நோயாளிகளுக்குமேல் கூடாது என்று வரம்பு கட்டியது. தேவதைப் பட்டம் தந்திடாத பாதுகாப்பை, எண் தந்தது.

இவ்வளவும் கூறிய பிறகு, மறுபக்கத்தையும் மறைக்காமல் பார்த்திட வேண்டும். கல்லைச் சிலையாக்கிக் கும்பிடுவதை எள்ளி நகையாடும் நாம், எண்ணைச் சிலையாக்கிக் கும்பிட்டால் அதுவும் மடமைதான்.

இங்கிலாந்திலே ஸ்டாஃபர்டு என்று ஓர் ஊர். அங்குள்ள பொது மருத்துவமனை, 2008இல், தன்னாட்சி பெற்ற சிறப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது. ஏடுகளிலே எல்லாம் ஒழுங்கு! அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்பவேண்டும் என்ற இலக்கு. வரவு செலவு சரிக்கட்டவேண்டும் என்ற இலக்கு. செலவைக் குறைக்க, 150க்கு மேற்பட்ட வேலையிடங்களை வெட்டினர். கூடங்களிலே நடந்தது என்ன? முதியவர்கள் தம் கழிவிலேயே கிடந்தனர். உணவும் நீரும் கைக்கு எட்டாத தொலைவிலே வைக்கப்பட்டன. ஊட்ட ஆளில்லை, கூப்பிட்டால் வர ஆளில்லை. நான்கு மணி இலக்கைத் தவறவிட்டதை மறைக்க நேரத்தை மாற்றி எழுதும்படி செவிலியர் நெருக்கப்பட்டனர் என்பது பின்னர் விசாரணையிலே சாட்சியமாக வந்தது. 2007இல், எதிர்பார்த்ததைவிட அங்கு சாவு மிகுதி என்று ஒரு கணக்கு எச்சரித்தபோது, "நோயைக் குறியீடாகப் பதிவதிலே ஏற்பட்ட குழப்பம்" என்று கூறி ஒதுக்கினர் மேலிடத்தார். ஃபார் பட்டியலைப்போல இதுவும் பிழையாக இருக்கலாமல்லவா என்ற நியாயமான ஐயம், அங்கே நோயாளியின் படுக்கைவரை போய்ப் பாராமல் இருப்பதற்கு ஒரு சாக்காயிற்று!

உண்மையை உடைத்தவர் யார்? தாயையும் தந்தையையும் பறிகொடுத்த ஊர் மக்கள். ஒரு சிற்றுண்டிச் சாலையிலே கூடினர், கண்டதை எழுதினர், கதவு கதவாகத் தட்டினர். 2009இல் கண்காணிப்பு ஆணையத்தின் அறிக்கை, 2010இல் இராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணையின் முடிவு, 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளுடன் அவருடைய இரண்டாவது அறிக்கை என்று வெளிவந்தது உண்மை. சாவுக் கணக்கைக்கொண்டு தேவையின்றி மாண்டவர் இத்தனை பேர் என்று அறுதியிட முடியாது என்றும் பிரான்சிஸ் எழுதினார். ஆம், எண் சாட்சி, நீதிபதி அன்று. சாட்சி கூறியதைக் கேட்டவுடன் தீர்ப்பெழுதுவதும் தவறு. சாட்சியை வாய்திறக்க விடாமல் விரட்டுவதும் தவறு.

இன்னுமொன்று. அளவோடு பணத்தைக் கட்டிவிட்டால் ஆபத்து மிகுகிறது. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு, 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையிலே கடும் படுக்கைப் புண் வந்தாலோ, விழுந்து காயமுற்றாலோ, அதற்கான கூடுதல் தொகையைத் தர மறுத்தது. நோக்கம் நல்லது. ஆனால், விழுந்தால்தானே கணக்கு, நடக்க விடாமல் படுக்கையிலேயே கிடத்திவிட்டால்? விழமாட்டான், ஆனால் கால் வலுவிழந்து, வீட்டுக்குத் திரும்பும்போது நடக்கவும் மாட்டான். இந்தக் கவலையை அத்துறை ஆய்வாளர்களே எழுப்பினர். அதேபோல, ஒவ்வொரு நாளும் நோயாளியின் முதுகைப் புரட்டிப் பார்த்து, சிவந்த இடத்தையெல்லாம் குறித்து வைக்கும் கூடத்திலே புண் மிகுதியாகத் தெரியும். முதுகையே பாராத கூடத்திலே ஏடு வெள்ளையாக இருக்கும். வெள்ளை ஏட்டுக்குப் பரிசும், உண்மை ஏட்டுக்குத் தண்டனையும் வழங்கினால், அடுத்த ஆண்டு எல்லா ஏடும் வெள்ளையாகிவிடும். புண் மட்டும் அப்படியே இருக்கும்.

அப்படியானால், நேர்மையான மரக்காலுக்கு இலக்கணம் என்ன? முதலாவது, வந்த நோயின் கடுமையை எடைபோட்ட பிறகே விளைவை ஒப்பிடவேண்டும். இரண்டாவது, செவிலியை அளக்குமுன் நிருவாகத்தை அளக்கவேண்டும். எத்தனை நோயாளிக்கு எத்தனை பேரை நிறுத்தினாய் என்ற கேள்விக்கு விடை பெறாமல், அவள் என்ன செய்தாள் என்று கேட்பது அறமன்று. மூன்றாவது, குறையை எழுதியவரைத் தண்டிக்கக் கூடாது, மறைத்தவரைத்தான் தண்டிக்கவேண்டும். நான்காவது, நோயாளியைக் கேட்கவேண்டும். கூப்பிட்டபோது வந்தனரா, வலி என்றபோது நம்பினரா, உடலை மறைத்துத் துடைத்தனரா என்று கேட்கவேண்டும். ஐந்தாவது, கணக்கு பெட்டிக்குள் உறங்கக் கூடாது. படிக்கத் தெரிந்த எவரும் படிக்கும்படி வெளிவரவேண்டும்.

நம் நாட்டுக்கு ஆறாவது ஒன்று உண்டு. போதனை மருத்துவமனையிலே மூன்று நோயாளிக்கு ஒருவர், பிற பொது மருத்துவமனையிலே ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்று, இந்தியச் செவிலியர் மன்றம் அளவு வகுத்திருக்கிறது. கூடங்களிலே நடப்பதோ, நோயாளிக்குத் துணையாக வந்த மனைவியும் மகளும் தாயும் தரையிலே படுத்துக் கிடந்து, ஊட்டுகின்றனர், துடைக்கின்றனர், திருப்பிப் படுக்க வைக்கின்றனர், குளுக்கோஸ் புட்டி தீரும் நேரம் பார்த்துச் செவிலியைத் தேடி ஓடுகின்றனர். செவிலியத்தின் பெரும்பகுதி, கூலியின்றி, பயிற்சியின்றி, கணக்கிலே ஏறாமல் நடைபெறுகிறது. இதனால் மருத்துவமனையின் ஏடு அழகாகிறது. இல்லாத செவிலியை உள்ள மகள் ஈடு செய்துவிடுகிறாள். மகள் இல்லாதவன் கதி? சாலையிலே விழுந்து கிடந்து கொண்டுவரப்பட்டவன், பெயர் சொல்லவும் நினைவற்றவன், உறவென்று ஒருவரும் வராதவன். அவனுடைய முதுகைத் தனியே கணக்கெடுக்க வேண்டும். சராசரி என்னும் போர்வைக்குள்ளே அவனை மறைத்துவிடுவது எளிது. துணையுள்ளவன் பெற்ற பராமரிப்பிலே குடும்பத்தின் பங்கும் கலந்திருக்கிறது. துணையற்றவன் பெற்றது மட்டுமே மருத்துவமனையின் பங்கு. கேட்பாரற்றவன் படுக்கையருகே வைத்துப் பார்க்கும் மரக்கால்தான் பொய்ப்பலகை இல்லாத மரக்கால்.

அன்பை அளக்க முடியுமா என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அன்பை அளக்க முடியாது, அளக்கத் தேவையுமில்லை. அளக்கவேண்டியது, அன்பு இல்லாத இடத்திலே ஏற்படும் புண்ணை. அளக்கவேண்டியது, அன்புள்ளவளையும் இயங்கவிடாமல் செய்யும் ஆள் பற்றாக்குறையை. செவிலி நோயாளியின் கையைப் பிடித்தபோது என்ன உணர்ந்தாள் என்பது எந்த ஏட்டுக்கும் உரியதன்று. கையைப் பிடிக்க அவளுக்கு நேரம் இருந்ததா என்பது ஏட்டுக்கு உரியது.

அளவு முறைக்கே இலக்கணம் வகுத்த டோனபீடியன், 2000இல் மறைந்தார். நோயுற்றுத் தாமே நோயாளியாகப் படுத்திருந்த இறுதிக் காலத்திலே அவர் அளித்த பேட்டியொன்றில், தரத்தின் உள்ளீடாக நிற்பது முடிவிலே அன்புதான் என்ற கருத்தை வெளியிட்டார். வாழ்நாளெல்லாம் அளந்தவர் கூறிய சொல் அது. அளக்கவே மறுப்பவர்கள் கூறும் சொல்லோடு அதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் அளவு முறையைக் கைவிடச் சொல்லவில்லை. அளப்பவன் எதன்பொருட்டு அளக்கிறான் என்பதை நினைவூட்டினார்.

தோழர்களே! உங்கள் ஊர் மருத்துவமனையிலே பளிங்குத் தரையைப் பார்த்து மயங்காதீர். சுவரிலே தொங்கும் விளக்கேந்திய மங்கையின் படத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டும் திரும்பாதீர். இன்றிரவு, இந்தக் கூடத்திலே, எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்று கேளுங்கள். சென்ற மாதம் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, எத்தனை பேர் விழுந்தனர், அந்தக் கணக்கு எங்கே என்று கேளுங்கள். துணைக்கு ஆளில்லாமல் கிடப்பவரை இன்று திருப்பிப் படுக்க வைத்தவர் யார் என்று கேளுங்கள். கேட்பது செவிலியை அவமதிப்பதாகாது. அவள் தனியே நின்று கேட்டுக் கேட்டு விடை கிடைக்காத கேள்விகளை, அவளுடன் சேர்ந்து நின்று கேட்பதாகும்.